சடையில் இருந்த ஆடி மாசம்

சித்திரை மாசம் தொழிலாளர் அதிகாரி முன்னால் போய் நின்றாள் குருவம்மாள். போன ஆடியில் நூல் மில் மெஷின் இரண்டு விரலைத் தின்றுவிட்டது என்று மனு. மேனேஜர் வரதராஜுலு அசரவில்லை.

"அது சின்ன வயசுல போன விரல் மேடம். போன ஆடி பூரா லீவே போடாம, மில் விடுதியை விட்டு வெளிய காலே வைக்காம வேலை பார்த்தா. இப்பப் போதைப் பவுடர் பழக்கம், அதான் இந்தப் புளுகு. முடியை டெஸ்ட் பண்ணிப் பாருங்க."

"தாராளமா பண்ணுங்க. ஆனா நுனியில நறுக்காதீங்க, தலையை ஒட்டி வெட்டுங்க" என்று சடையை அவிழ்த்தாள் குருவம்மாள்.

பத்தாம் நாள் ஆய்வகத்துக்காரர் வந்தார். "முடியில மார்ஃபின் இருக்கு" என்றார். மேனேஜர் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டார்.

"பவுடர்னா அதுக்குத் தனித் தடயம் இருக்குமாமே சார்?" என்று கேட்டாள் குருவம்மாள்.

"அது இல்லம்மா. ஆஸ்பத்திரியில வலிக்குப் போடுற ஊசியாத்தான் தெரியுது. அதுவும் வேர்ல இருந்து ஒன்பதாவது சென்டிமீட்டர்ல மட்டும். முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும்."

அதிகாரி விரல்விட்டு எண்ணினார். ஆடியில் வந்து நின்றது.

"ஆடி பூரா நான் மில்லுக்குள்ள இருந்தேன்னு ஐயாவே சொல்லிட்டார். அந்த ஊசி எதுக்குன்னும் அவரே சொல்லட்டும்மா."

மேனேஜர் காலை இழுத்துக்கொண்டார். "விபத்துப் புத்தகத்துல ஒண்ணும் இல்லையே" என்றார்.

குருவம்மாள் மிச்ச விரல்களால் சடையைப் பின்னத் தொடங்கினாள்.

"அதுல பக்கத்தைக் கிழிச்சிட்டீங்க. இதைத் தினமும் பின்னிப் போட்டுக்கிட்டு உங்க முன்னாலதானே நடந்தேன்."