கண்ணாடியில் ஒரு கொதிகலன்

"நான் திரும்பிப் போயிடவா?" என்று தில்லைநாயகி கேட்டாள்.

பிலோமினாவின் கையிலிருந்த கண்ணாடிக் குழாய் சுடரில் இளகிக்கொண்டிருந்தது. அதை வளைத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"எங்கேக்கா?"

"திருச்சிக்கு. வேலைக்கு."

தில்லைநாயகிக்கு நாற்பத்தொன்பது வயது. திருச்சியில் ஒரு தொழிற்சாலையில் இருபத்து நான்கு ஆண்டுகள் கொதிகலன் வடிவமைத்த பொறியாளர். ஒரு கண்காட்சியில் பிலோமினா செய்த கண்ணாடிக் கூஜாவைப் பார்த்தாள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஓராண்டு விடுப்பு எழுதிக் கொடுத்தாள்.

"என்னம்மா, உடம்புக்கு ஏதாவதா?" என்றார் மேலாளர்.

"இல்ல சார். கண்ணாடி வேலை கத்துக்கப் போறேன்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

பிலோமினாவுக்கு முப்பத்து மூன்று வயது. புதுச்சேரிக்கு வெளியே, சவுக்குத் தோப்பை ஒட்டி அவளுடைய பட்டறை. தன்னைவிடப் பதினாறு வயது மூத்த மாணவி வந்து நின்றபோது அவள் ஒன்றுமே கேட்கவில்லை. சுடர் கூசாமலிருக்க ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்து அவள் கண்ணில் மாட்டிவிட்டாள்.

அதன்பின் பதினொரு மாதம் போய்விட்டது. வேலைக்குத் திரும்புகிறாளா, விலகுகிறாளா என்று இந்த வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். இன்று திங்கள்.

"நான் செஞ்சதெல்லாம் நல்லா இருக்கா?" என்று தில்லைநாயகி கேட்டாள்.

"நல்லா இருக்கு."

"அப்புறம் ஏன் ஒண்ணைக்கூடக் கண்காட்சியில வைக்கச் சொல்ல மாட்டேங்கிறீங்க?"

பிலோமினா அலமாரியிலிருந்து தில்லைநாயகி செய்த ஒரு கூஜாவை எடுத்தாள். பக்கத்தில் தன்னுடையதை வைத்தாள். எது யாருடையது என்று தெரியவில்லை.

"இதெல்லாம் நான் செஞ்சதுதான் அக்கா. உங்க கையால செஞ்சிருக்கேன், அவ்வளவுதான்."

தில்லைநாயகிக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது.

"எனக்குன்னு என்ன இருக்கு? கொதிகலனைத் தவிர நான் எதைப் பார்த்தேன்?"

"அது உள்ள எப்படி இருக்கும்?"

இத்தனை வருடத்தில் அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"நாலு சுவரும் குழாய்தான். நூத்துக்கணக்குல, நெருக்கமா. குழாய்க்குள்ள தண்ணி. நடுவுல நெருப்பு. தண்ணி கொதிச்சு மேல ஏறிட்டே இருக்கும்." அவள் கைகள் காற்றில் உயர்ந்தன. "முதல்முதலா நெருப்பு வைக்கிறதுக்கு முன்னாடி உள்ள போய் நிப்பேன். அண்ணாந்து பார்த்தா கோபுரத்துக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கும். அப்புறம் மூடிடுவாங்க. அதுக்கப்புறம் அந்த அழகை யாரு பார்க்கப் போறா..."

சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

பிலோமினா எழுந்து தன் இருக்கையை விட்டு நகர்ந்தாள். சுடரை அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

தில்லைநாயகி உட்கார்ந்தாள்.

பென்சில் கனத்தில் இருபத்து நான்கு குழாய்கள். ஒவ்வொன்றையும் வளைத்தாள். மேலே தடித்த உருளை ஒன்றைச் செய்து, எல்லாவற்றையும் அதில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். விரலில் இரண்டு இடத்தில் கொப்புளம் வந்தது. புதன்கிழமை மதியம் முடிந்தது. செய்ததை மெல்ல ஆறவைக்கும் அடுப்புக்குள் அதை வைத்துக் கதவை மூடினாள்.

"நாளைக்குக் காலைல எடுத்துடலாம்" என்றாள் பிலோமினா.

"இல்ல. மூணு நாள்."

"நான் எப்பவும் ஒரு ராத்திரிதான் வைப்பேன்."

"உங்க கூஜா எல்லா இடத்துலயும் ஒரே கனம். இதுல உருளை தடிமன், குழாய் மெலிசு. ரெண்டும் ஒண்ணா ஆறணும். அவசரப்பட்டா மூட்டுல விட்டுடும். எனக்குத் தெரியும்."

பதினொரு மாதத்தில் அவள் ஆசிரியையை மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

பிலோமினா அடுப்பின் பொத்தான்களை விட்டு விலகி நின்றாள். "நீங்களே வைங்க."

வெள்ளிக்கிழமை காலை மேலாளர் கைபேசியில் கூப்பிட்டார்.

"என்ன முடிவும்மா?"

தில்லைநாயகி அடுப்பைப் பார்த்தாள். கதவு மூடியிருந்தது. உள்ளே முழுதாக இருக்கிறதா, நொறுங்கிக் கிடக்கிறதா என்று ஒருவருக்கும் தெரியாது.

"வரலை சார்."

"நல்லா யோசிச்சிட்டீங்களா?"

"யோசிச்சிட்டேன் சார். கடிதம் இப்பவே அனுப்பிடறேன்."

அனுப்பிவிட்டுக் கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"நாளைக்குத் திறந்து பார்த்துட்டு அனுப்பியிருக்கலாமேக்கா" என்றாள் பிலோமினா. "உடைஞ்சிருந்தா?"

"எங்க உடைஞ்சதுன்னு பார்ப்பேன். அடுத்ததைச் செய்வேன்."

சொல்லி முடித்த பிறகுதான், உடைந்தாலும் தான் இங்கேயே இருக்கப்போவது அவளுக்கே விளங்கியது. அன்று மதியம் மீன் குழம்பை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை அடுப்பைத் திறந்தாள்.

இருபத்து நான்கு குழாயும் நின்றன. ஒரு மூட்டும் விடவில்லை.

இரண்டு கைகளாலும் ஏந்தி வந்து வாசல் வெயிலில் வைத்தாள். வெளிச்சம் குழாய்களின் அடியில் புகுந்து, வளைவுகளில் திரும்பி, உச்சி உருளைக்கு ஏறியது. தோப்பு அதிரும்படி தில்லைநாயகி சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.

பிலோமினா அதை மூன்று முறை சுற்றி வந்தாள்.

பிறகு உள்ளே போய், மேசையின் மறுபக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"இந்த மூட்டு எப்படிப் போட்டீங்க? மெதுவாக் காட்டுங்கக்கா. எனக்கு வராது இது."