அக்கரைக்குப் போன குழம்பு

மலையடிவாரத்தில், ஆற்றங்கரையில் மங்கையம்மாவின் ஆசிரமம் இருந்தது. அங்கே ஒரு வழக்கம். படிப்பு முடிந்து யாராவது கிளம்பினால், அதற்கு முந்தின நாள் சமையல் அம்மாவின் கையால்தான்.

இந்த முறை கிளம்ப வேண்டியவர் அம்பலவாணன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அம்மாவைவிட நாலைந்து வயதுதான் சின்னவர். மலைக்கு மேலே ஒரு சிற்றூரில் பள்ளிக்கூடம் தொடங்கச் சொல்லி அம்மா அவரை அனுப்புகிறார். விடிந்தால் பயணம். மனிதருக்கு மூட்டை கட்டவே கை வரவில்லை. ஒரு வேட்டியை மடிப்பதும் பிரிப்பதுமாகவே காலைப் பொழுதைப் போக்கினார். கடைசியில் எழுந்து அடுப்படிக்கே போய்விட்டார்.

“அம்மா, இங்கே எனக்கு நீங்க இருக்கீங்க. அங்கே நான் தப்புப் பண்ணினா யார் சொல்லுவா? யாரைத் துணையாப் பிடிக்கிறதுன்னு தெரியாம நான் மலை ஏற மாட்டேன்.”

“முதல்ல சாப்பிடு,” என்றார் அம்மா.

அன்றைக்குப் புளிக்குழம்பு. ஒரே உப்பு, வாயில் வைக்க முடியவில்லை. ஆனாலும் பந்தியில் ஒருவர் “அமிர்தம்” என்றார். இன்னொருவர், பாவம், கேட்டு வாங்கி இரண்டாம் தடவையும் ஊற்றிக்கொண்டார். அம்பலவாணன் “நல்லா இருக்கும்மா” என்று சொல்லிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தார்.

அம்மா மிச்சக் குழம்பைத் தூக்குவாளியில் ஊற்றி மூடினார்.

“வா, அக்கரை வரைக்கும் போயிட்டு வரலாம்.”

ஆற்றில் முழங்காலளவுதான் தண்ணீர். அக்கரையில் சிவக்கொழுந்துவின் வாழைத்தோட்டம். சிவக்கொழுந்தும் ஒரு காலத்தில் அம்மாவிடம் படித்தவர்தான். ‘நீங்க சொல்றது சரியில்ல’ என்று எல்லார் நடுவிலும் அம்மாவோடு மல்லுக்கு நின்று, கோபித்துக்கொண்டு வெளியேறியவர். ஆசிரமத்தில் அவர் பேரை யாரும் எடுப்பதில்லை.

அம்மா நீட்டிய தூக்கை வாங்கி, அவர் சோற்றில் குழம்பை ஊற்றி ஒரு வாய் வைத்தார். முகம் கோணியது.

“என்னம்மா இது! உப்பை அள்ளிக் கொட்டியிருக்கீங்க. மனுஷன் திம்பானா இதை?”

அம்பலவாணனுக்குச் சுருக்கென்றது. அம்மாவோ விழுந்து விழுந்து சிரித்தார்.

சிவக்கொழுந்து முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போய்த் தயிர் கொண்டுவந்தார். ஊற்றிப் பிசைந்து, திட்டிக்கொண்டே ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்தார். தூக்கைக் கழுவி, உள்ளே நாலு பழம் வைத்துக் கொடுத்தார்.

“சமைக்கும்போது நினைப்பு எங்கே இருந்தது?”

“நாளைக்கு இவன் போறானே,” என்றார் அம்மா.

சிவக்கொழுந்து இன்னும் இரண்டு பழத்தைத் தூக்கில் திணித்தார்.

திரும்பும் வழியில், நடு ஆற்றில் அம்பலவாணன் நின்றுவிட்டார்.

“மரியாதையே இல்லாம பேசுறார். இவரைத் தேடியா வர்றீங்க?”

“மாசா மாசம் வர்றேன். எதைத் தொடங்கினாலும் இவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குவேன்.”

“சண்டை போட்டுட்டுப் போனவராச்சே, அம்மா!”

“உப்புன்னு சொன்னான். கொட்டினானா?”

தண்ணீர் காலைச் சுற்றிக்கொண்டு போனது. அம்பலவாணன் அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

“அம்மா, குழம்பு உப்புதான்.”

“ம்.”

“இன்னொண்ணும் இருக்கு. போன வாரம் பாடத்துக்கு நடுவுல பூங்கோதையை எல்லார் முன்னாடியும் அப்படித் திட்டினீங்களே, அது தப்பும்மா. அவ மேலே பிசகே இல்ல. இன்னும் அந்தப் பொண்ணு யார்கிட்டயும் முகம் கொடுத்துப் பேசல.”

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“போனதும் அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும். ஏன் இதை அன்னைக்கே சொல்லல?”

“உங்க மேலே அவ்வளவு பிரியம். பயமும்தான்.”

“இப்போ?”

“இப்பவும் ரெண்டும் இருக்கு, அம்மா.”

அம்மா தூக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். எதிரே நின்ற மலையை அண்ணாந்து பார்த்தார்.

“போச்சு போ. இத்தனை நாளா ஆத்தைத் தாண்டினாப் போதும்னு இருந்தேன். இனிமே இந்தத் தூக்கைத் தூக்கிக்கிட்டு மலையும் ஏறணும்.”