பெரிய மூன்று

அந்தக் காலத்தில், எறும்பும் குளவியும் வாய்விட்டுப் பேசிய நாளில், காட்டுக்குள் கதை இதழ்கள் வந்துகொண்டிருந்தன. இன்னும் நடக்காததை மட்டுமே அவற்றில் எழுதுவார்கள். சந்திரனில் குடியேறிய நண்டு, பறக்கப் பழகிய பாறாங்கல், இப்படி. ஆளாளுக்கு ஓர் இதழ் நடத்தினாலும் பேர்போனவை மூன்றுதான். மரத்தை மென்று காகிதம் செய்த குளவி வேம்பாயியின் இதழ் ஒன்று. இலைகளை ஒட்டித் தைத்த முசுற்றெறும்பு செங்கோடனின் இதழ் இன்னொன்று. மூன்றாவது, கரையான் மண்ணாத்தாள் மண்ணைக் குழைத்துச் செய்த மண்ணேடு. பௌர்ணமியன்று காலையில் மூன்றும் வழுக்குப்பாறைக்கு வந்துவிடும்.

வேம்பாயிக்குக் கை சும்மா இருக்காது. வருகிற கதையின் முடிவைத்தான் முதலில் படிப்பாள். பிடிக்காவிட்டால் எழுதியவரைக் கேட்காமலே மாற்றிவிடுவாள்.

ஒரு நண்பகலில் அவள் கூட்டு வாசலில் பேர் இல்லாத கதை ஒன்று கிடந்தது. அதன் முடிவு இது: "அடுத்த பௌர்ணமிக்குப் பாறையில் இரண்டு இதழ்களே இருந்தன. மண்ணேடு வரவில்லை."

வேம்பாயி அதை இன்னொரு தடவை படித்தாள். மழையில் தன் கூடு விழுந்தபோது இடம் கொடுத்தவள் மண்ணாத்தாள், கூடப்பிறந்தவள் மாதிரி. ஓடிப்போய் அவளிடமே காட்டினாள். மண்ணாத்தாள் நிதானமாகப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"கதைதானேடி, போட்டுடு. முடிவை மட்டும் தொடாதே. எழுதினது யாருன்னே தெரியல."

சரி அக்கா என்று தலையாட்டிவிட்டு வந்தாள். மனசு கேட்கவில்லை. 'இரண்டு' என்பதை அடித்துவிட்டு, "மூன்று இதழ்களும் இருந்தன. மண்ணேடும் வந்தது" என்று எழுதி அச்சுக்கு விட்டாள்.

பௌர்ணமி வந்தது. பாறையில் மூன்றும் இருந்தன. வேம்பாயி சந்தோஷம் தாங்காமல் புற்றுக்குப் பறந்தாள். புற்றில் யாரும் இல்லை. ஒரு கரையான்கூட இல்லை. வழிகளிலெல்லாம் ஒட்டடை படிந்திருந்தது. இதழைக் காப்பாற்ற நினைத்தவள் அக்காவும் இருந்தாள் என்று எழுத மறந்துபோனாள். அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

பாறைக்குத் திரும்பி வந்து மண்ணேட்டைத் தொட்டாள். இன்னும் ஈரமாக இருந்தது. உள்ளே நல்ல நல்ல கதைகள். அடுத்த பௌர்ணமிக்கும் வந்தது, அதற்கடுத்ததற்கும். கொண்டுவந்து வைப்பவரை ஒருவரும் பார்த்ததில்லை.

"இனிமே நாம ரெண்டு பேருதானே? பெரிய ரெண்டுன்னே சொல்லிடலாமா?" என்று செங்கோடனிடம் கேட்டாள்.

செங்கோடன் பாறையிலிருந்த மண்ணேட்டைத் திரும்பிப் பார்த்தான். "சொல்லாதே. அதுக்குக் கேட்டுடும்."

அன்று முதல்தான், அறிவியல் புனைகதை இதழ்கள் எத்தனை முளைத்தாலும், எத்தனை நின்றுபோனாலும், தலையானவற்றைப் 'பெரிய மூன்று' என்றே சொல்கிறார்கள்; மூன்றாவதை நடத்துவது யார் என்று மட்டும் கேட்பதில்லை.