நலம் விசாரிக்கும் நண்டு

நண்டும் சங்கும் அண்ணாச்சி, தம்பி என்று முறை வைத்துப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், முத்துச்சிப்பி விளையும் தென்கடலில் ஒரு பாறைத்திட்டு இருந்தது. அங்கே மாசாணம் என்றொரு நண்டு தன் மனைவி முத்தாரத்தோடு குடியிருந்தான். காலி ஓட்டைச் சுமந்து திரியும் அந்த வகை நண்டுக்கு இன்றைக்குப் பின்பக்கம் மெத்தென்று இருக்கிறதே, அப்போது அப்படி இல்லை. மற்ற நண்டுகளைப் போல உடம்பு முழுக்கக் கெட்டி ஓடுதான்.

மாசாணத்துக்கு ஒரு பித்து. பழைய காலி ஓடு எங்கே கிடந்தாலும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். புள்ளிச் சோழி, முள்ளுச் சங்கு, விரல்களை விரித்தாற்போல் இருக்கும் சங்கு, பாசி ஏறி நிறமே தெரியாமல் போன கிழட்டு ஓடு என்று எல்லாம் அவன் பொந்துக்குள் வரிசையாக இருக்கும். பொந்து முழுக்க ஓடு. புருஷனும் பெண்டாட்டியும் வாசலில் படுத்துக்கொண்டார்கள்.

யாராவது வந்துவிட்டால் போதும். "தொடாதீங்க, கண்ணால மட்டும் பாருங்க" என்று தொடங்கி ஒவ்வொன்றையும் எங்கே எடுத்தேன், எப்படி எடுத்தேன் என்று சொல்லி முடிப்பதற்குள் வந்தவருக்குப் போதும் போதும் என்றாகிவிடும். தபால்தலை சேர்ப்பவர் வீட்டிலோ பழைய கடிகாரம் சேர்ப்பவர் வீட்டிலோ தெரியாத்தனமாகப் போய் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும். ஒரு நட்சத்திர மீன் காலையில் வந்து சாயங்காலம்தான் தப்பித்தது. அதன் பிறகு அது அந்தப் பக்கமே வரவில்லை.

இத்தனை இருந்தும் மாசாணத்துக்கு மனம் நிறையவில்லை. வரிசையின் நடுவில் ஓர் இடம் காலியாகவே கிடந்தது. அது வலம்புரிக்கு. ஊரில் உள்ள சங்கெல்லாம் ஒரு பக்கம் சுழித்திருக்க, எங்கோ அபூர்வமாக ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் சுழித்துப் பிறக்கும். அந்தத் திட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. ஒரே ஒரு சிக்கல், அதற்குள் வலம்புரி அண்ணாச்சி உயிரோடு இருந்தார்.

மாசாணம் அந்தக் காலி இடத்தைத் தினமும் பெருக்கி வைப்பான். முத்தாரத்துக்குப் பொறுக்கவில்லை.

"உசுரோட இருக்கிறவருக்கு இங்க எடம் போட்டு வச்சிருக்கியளே, நல்லாவா இருக்கு?"

"நான் என்ன அவரைப் போவச் சொன்னனா? வயசானவரு. ஒருநா போவத்தான செய்வாரு. அன்னைக்கு நான் பக்கத்துல இருக்கணும், அம்புட்டுதான்."

வேறு எவனாவது முந்திக்கொள்வானோ என்ற பயம் அவனுக்கு. அதனால் தினமும் விடிந்ததும் கிளம்பி அண்ணாச்சி வாசலுக்குப் போய்விடுவான். ஓட்டை மெல்லத் தட்டுவான்.

"அண்ணாச்சி, உடம்புக்கு எப்படி இருக்கு?"

"வாடே மாசாணம். மேலுக்குச் சொகமில்ல. மூச்சு வாங்குது."

"அப்படியா அண்ணாச்சி!" என்று உச்சுக் கொட்டுவான். திரும்பி வரும்போது எட்டுக் காலும் துள்ளும். மறுநாள் அவர், "இன்னைக்குத் தேவலடே, நல்லாப் பசிக்கி" என்றால் அவன் முகம் தொங்கிப்போகும்.

இதில் ஒரு கூத்து உண்டு. சுகமில்லாதவரைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாதல்லவா? மாசாணம் இந்த மாதிரி விஷயங்களில் ரொம்பச் சரி. போகும்போதெல்லாம் கொழுத்த மணல்புழு ஒன்றைக் கொண்டுபோவான். அண்ணாச்சியும் அதைச் சாப்பிட்டுச் சாப்பிட்டுத் தெம்பாகிக்கொண்டே வந்தார்.

"நீங்க இப்படித் தீனி போட்டா அவரு எந்தக் காலத்துல போவாரு?" என்று முத்தாரம் விழுந்து விழுந்து சிரித்தாள். மாசாணம் யோசித்துப் பார்த்தான். அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் மறுநாள் வெறுங்கையோடு போகக் கால் வரவில்லை.

போகப் போகத் தன் ஓடுகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய் அவரிடம் காட்டத் தொடங்கினான். நட்சத்திர மீனைப் போல அவர் ஓடவில்லை. ஓட முடியாது என்பதும் ஒரு காரணம். ஆனால் அவர் உண்மையிலேயே ஆசையாகக் கேட்டார்.

"இந்தச் சோழியா? இது நம்ம பொன்னரசி வீடுல்லா. வாயத் தொறந்தா மூட மாட்டா. இங்க ஒரு பல்லு ஒடஞ்சிருக்கு பாத்தியா? மீனு கடிச்சது. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

மாசாணம் அந்த உடைந்த பல்லைக் குறை என்று நினைத்துச் சோழியைப் பின்வரிசையில் வைத்திருந்தான். அன்று வீட்டுக்கு வந்ததும் முன்வரிசைக்கு மாற்றினான்.

இப்படியே காலம் ஓடியது. ஒருநாள் காலை வழக்கம்போல் புழுவோடு போனவன் திடுக்கிட்டு நின்றான். அண்ணாச்சியின் மேல் ஒரு பேய்க்கணவாய் எட்டுக் கைகளையும் சுற்றிப் படுத்திருந்தது. உள்ளே இருப்பவரை வெளியே இழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏம்லே மொறைக்க?" என்றது கணவாய். "ஒன் ஓட்டுப் பித்தைப் பத்தித்தான் இந்தத் திட்டே பேசுதே. எனக்குச் சதை போதும். ஓட்டை நீ வச்சுக்க. ஒரு கீறல் விழாம எடுத்துத் தாரேன்."

பழம்பொருள் சேர்ப்பவனிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது. கீறல் விழாமல்! மாசாணம் கண் இமைக்காமல் பார்த்தான். வரிசையின் நடுவில் இருந்த காலி இடம் அவன் கண் முன் வந்து நின்றது. சும்மா நின்றால் போதும். எத்தனையோ காலம் காத்திருந்தது கைக்கு வந்துவிடும்.

அப்போது அவன் கொடுக்கில் இருந்த புழு நெளிந்தது. இனிமேல் இதை யாருக்குக் கொண்டுவருவது? அந்த நினைப்பு வந்ததும் அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. புழுவைப் போட்டுவிட்டு, "விடுலே எங்க அண்ணாச்சியை!" என்று கத்திக்கொண்டே பாய்ந்தான்.

கணவாயின் ஒரு கையைக் கொடுக்கால் கவ்விக்கொண்டான். அது மற்றக் கைகளால் அவனைப் பின்பக்கமாகப் பிடித்து இழுத்தது. அவன் விடவில்லை. அதுவும் விடவில்லை. கடைசியில் அவனுடைய பின்பக்க ஓடு சடசடவென்று பெயர்ந்து அதன் கையோடு போனது. அவன் கவ்வியிருந்த கையும் அறுந்தது. வலி தாங்காமல் கணவாய் மையைக் கக்கிவிட்டு ஓடிப்போனது.

கலங்கல் அடங்கியதும் அண்ணாச்சி மெல்லத் தலையை நீட்டினார்.

"ஏண்டே இப்படிச் செஞ்ச? சும்மா இருந்தா ஓடு ஒனக்குத்தான?"

"ஒங்களுக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

"மொத நாளே தெரியும். எல்லாரும் மூஞ்சியப் பாத்துச் சொகம் கேப்பாங்க. நீ முதுகப் பாத்துல்லா கேட்ட."

"பெறவு ஏன் என்னை விரட்டாம இருந்திய?"

"வேற யாருடே வந்தா?" என்றார் அவர்.

ஓடு போன உடம்போடு மாசாணம் நடுங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். சின்ன மீன் கொத்தினால்கூட உயிர் போய்விடும். முத்தாரம் பதறிப்போய் அழுதாள். பிறகு பொந்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"இத்தனை வீட்டை அடுக்கி வச்சிக்கிட்டு வெறும் உடம்போட நிக்கியளே! உள்ள போங்க."

அதுவரை யாரையும் தொட விடாத ஓடுகளில் ஒன்றுக்குள் மாசாணம் பின்பக்கத்தை மெல்ல நுழைத்தான். அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. வெளிப்பக்கத்தையே துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, உள்ளே இவ்வளவு வழவழப்பு என்று தெரியாமல் போய்விட்டது. பிறகு அவனுக்குப் பிறந்த பிள்ளைகளும் பின்பக்கம் ஓடில்லாமலே பிறந்தார்கள். ஆளுக்கொரு ஓடு கொடுத்தான். அவர்கள் வளர வளர, பெரியவன் கழற்றியதைச் சிறியவன் மாட்டிக்கொண்டான். அவன் சேர்த்ததெல்லாம் வீடுகளாகிக் கடலெங்கும் நடந்துபோயின. நடுவில் இருந்த காலி இடத்தில் முத்தாரம் படுத்துக்கொண்டாள்.

புழு கொண்டுபோவதை மட்டும் மாசாணம் நிறுத்தவில்லை. வலம்புரி அண்ணாச்சி வெகுகாலம் இருந்தார். ஒருநாள் காலை அவன் ஓட்டைத் தட்டினான்.

"அண்ணாச்சி, உடம்புக்கு எப்படி இருக்கு?"

பதில் இல்லை. கொடுக்கை உள்ளே விட்டு மெல்லத் தடவிப் பார்த்தான்; எதுவும் தட்டுப்படவில்லை. மறுபடி தட்டினான். இன்னும் உள்ளே சுருண்டு தூங்குகிறாரோ என்னவோ என்று வெயில் தாழும்வரை புழுவோடு வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். ஒரு காலத்தில் எதற்காக ஏங்கினானோ அது முன்னால் கிடந்தது, அவனுக்கு அழுகைதான் வந்தது. அலை ஏறி அந்த ஓட்டைப் புரட்டப் பார்த்தபோதுதான், அது எங்கும் போய்விடக் கூடாதே என்று எழுந்து, தன் ஓட்டைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்துகொண்டான்.

இப்போதும் கடற்கரையில் பார்க்கலாம். எவ்வளவு அவசரம் என்றாலும் அந்த நண்டு காலி ஓட்டுக்குள் சட்டென்று புகாது. திருப்பித் திருப்பிப் பார்க்கும், தட்டும், கொடுக்கை உள்ளே விட்டுத் தடவும், கொஞ்ச நேரம் காத்திருக்கும். அளவு பார்க்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அன்று தொடங்கியதுதான் அந்த வழக்கம். உள்ளே யாராவது இருக்கிறார்களா, உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று அது கேட்டுக்கொண்டிருக்கிறது.