வேன் நிக்கிற இடம்

"மேடம், இன்னும் எத்தனை வாரந்தான் என்னை அலைய விடுவீங்க?"

பூமிநாதன் தீசிஸை மேஜை மேல வச்சாரு. செங்கல் கனம். விழுந்த சத்தமும் செங்கல் சத்தந்தான்.

எதிர்ல உக்காந்திருந்த பேராசிரியை மெஹருன்னிசாவுக்கு அவரைவிட வயசு ரொம்பக் கம்மி. இவரு ஊரக வளர்ச்சித் துறையில உதவி இயக்குநர், ரிட்டயர் ஆகப் போறவரு. அரசாங்கம் போடுற திட்டம் ஜனங்களுக்குப் போய்ச் சேருதா இல்லையான்னு அளந்து பாக்குற படிப்பு ஒண்ணு இருக்கு. சாயங்கால வகுப்புல சேந்து, அதுல டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாரு.

இவரு அவங்கள மேடம்பாரு. அவங்க இவர சார்ம்பாங்க. இதுல குரு யாரு, சிஷ்யன் யாருன்னு பியூன் பரமனுக்கே குழப்பம்.

"நான் அலைய விடல சார். ஒரு கேள்விதான் கேட்டேன்."

"அதே கேள்வியத்தான மேடம் வாரா வாரம் கேக்குறீங்க?"

"பதில் வரலையே சார்."

விஷயம் இதுதான். சேந்தனேரிங்கிற ஊருக்கு வாரம் ஒரு தடவ மருத்துவ வேன் வரும். டாக்டர், நர்ஸ், மருந்து மாத்திரை எல்லாம் அதுலயே வந்துரும். ஊர் மந்தையில வாகை மரத்தடியில நிக்கும். அங்க நிறுத்தச் சொன்னதே பூமிநாதன்தான், அந்த வட்டாரத்துக்கு பி.டி.ஓ.வா இருந்த காலத்துல. நெழல் இருக்கு, வண்டி திருப்ப எடம் இருக்கு. வேற என்ன வேணும்?

இப்ப அதே வேனைப் பத்தித்தான் அவரு ஆய்வு. வரிசையில நின்னவங்க எல்லாரையும் விசாரிச்சாரு. வேன் எப்படி? நல்லாருக்கு. டாக்டர் எப்படி? தங்கமான மனுசன். குறை ஏதும்? போங்க சார்.

திட்டம் அமோக வெற்றின்னு எழுதிட்டாரு. அதை நம்பி ஜில்லா பூரா இதே மாதிரி வேன் விடப் போறதாப் பேச்சு.

"கிழக்குத் தெருக் காலனிக்காரங்க ஒருத்தர்கூட இதுல பேசலையே சார்."

"அவங்க வேனுக்கே வர்றதில்ல மேடம். வராதவங்கள நான் எங்க போய்க் கேக்குறது?"

"ஏன் வரல?"

"தேவப்படல. ரோட்டத் தாண்டுனா மந்தை. வேணும்னா வர மாட்டாங்களா? யாரு கையப் புடிச்சுத் தடுக்குறா?"

மெஹருன்னிசா தீசிஸைத் தெறக்கவே இல்ல. அவரு பக்கமா நகத்தி வச்சாங்க.

"சரி சார். வெள்ளிக்கிழமை வாங்க. கையெழுத்துப் போடுறேன்."

பூமிநாதனுக்குத் தலைகால் புரியல. வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். அஞ்சு மணிக்குள்ள ஆபீஸ்ல குடுக்கலேன்னா பதிவே ரத்து. வருசக்கணக்காப் படிச்ச படிப்பு அப்படியே போயிரும். வீட்டு வாசப் பலகையில தம் பேருக்கு முன்னால 'முனைவர்' எழுத எடம் விட்டு வச்சிருக்காரு மனுசன். பாக்குறவங்க பெயின்ட் தீந்து போச்சுன்னு நெனச்சுக்குவாங்க.

வெள்ளிக்கிழமை மத்தியானமே வந்துட்டாரு.

மேடம் ரூம் பூட்டியிருந்துச்சு.

"மேடம் எங்க பரமா?"

"டைரக்டர் ரூம்ல சார். கையெழுத்துக்கு யாரு வந்தாலும் அங்கயே வரச் சொன்னாங்க."

பூமிநாதன் மூஞ்சி சுருங்கிருச்சு.

போன வருசம் ஒரு கருத்தரங்கு. அத்தன பேரு முன்னால இந்த நிறுவனத்து டைரக்டர் தனபாலன் இவரப் பாத்து, "பென்சன் வாங்குற வயசுல பட்டம் எதுக்குய்யா? பேரன் விடுறதுக்கா?"ன்னு கேட்டுட்டாரு. கூட்டமே சிரிச்சுது. அதுக்கப்புறம் இவரு அந்த ரூமை மிதிச்சதில்ல. டைரக்டர் எதிர்ல வந்தா, சுவத்துல இருக்குற காலண்டரை ரொம்ப அக்கறையாப் பாப்பாரு.

"மேடத்தக் கொஞ்சம் வெளிய வரச் சொல்லுய்யா."

பரமன் போயிட்டு வந்தான்.

"கதவு தெறந்துதான சார் இருக்கு, உள்ள வரச் சொல்லுங்குறாங்க."

கதவு நெசமாவே தெறந்துதான் இருந்துச்சு. பசங்க போறாங்க, கையெழுத்து வாங்கிட்டுச் சிரிச்சுக்கிட்டு வர்றாங்க.

"சார், நீங்க போகலையா? ஒடனே போட்டுத் தர்றாங்க," கூடப் படிக்கிற பொண்ணு ஒண்ணு கேட்டுச்சு.

"போறேம்மா. நீ கெளம்பு."

தண்ணி குடிச்சாரு. செருப்பு வார சரி பண்ணாரு. ஒரு தடவ எந்திரிச்சு வாசல் வரைக்கும் போனாரு. உள்ள டைரக்டர் இருமுறது கேட்டுச்சு. வந்த வழியே திரும்பி பெஞ்சுல உக்காந்துட்டாரு.

ஆபீஸ் ஷட்டர எறக்குற சத்தம் கேட்டுச்சு.

கொஞ்ச நேரத்துல மேடம் வெளிய வந்தாங்க.

"அட, இங்கயா சார் இருக்கீங்க? கையெழுத்து தேவப்படலயாக்கும்னு நெனச்சேன்."

"மேடம்! நான் அந்த ரூமுக்குள்ள வர மாட்டேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"யாராவது தடுத்தாங்களா சார்?"

"தடுக்கணுமா? தடுத்தாத்தானா மேடம்? ஒரு மனுசனுக்கு..."

பேச்சு அப்படியே நின்னு போச்சு.

பி.டி.ஓ.வா இருந்த அத்தன வருசத்துல, சேந்தனேரி மந்தையில கிழக்குத் தெரு ஆளு ஒருத்தர் நின்னு அவரு பாத்ததில்ல. பாத்ததில்லங்கிறதையே இப்பத்தான் பாக்குறாரு.

"டைரக்டர் கேட்டாரு," மேடம் சொன்னாங்க. "எல்லாரும் வர்றாங்க, பூமிநாதன் மட்டும் வர்றதே இல்லியே, அவருக்கு நம்மகிட்ட ஒரு குறையும் இல்லபோலன்னு."



மேடம் பையிலருந்து ஒரு காயிதத்த எடுத்துக் குடுத்தாங்க. "ஆறு மாசம் கூடுதல் டயம். அவருகிட்ட இதை வாங்கத்தான் உள்ள உக்காந்திருந்தேன். மனுசன் பேசி முடிக்கிறதுக்குள்ள சாயங்காலம் ஆயிருச்சு."

மறுநா காலையில பூமிநாதன் சேந்தனேரிக்கு பஸ்ல போனாரு. ஜீப் இல்ல, கூட ஆளு இல்ல. மந்தையத் தாண்டுனாரு. கிழக்குத் தெரு முக்குல போய் நின்னாரு.

தெருக்கொழாயில ஒரு பொம்பள தண்ணி புடிச்சுக்கிட்டு இருந்துச்சு. நடு நடுவுல இருமல்.

"ஏம்மா! மருத்துவ வேன் எங்க நிறுத்துனா நீங்கள்லாம் வருவீங்க?"

அந்தம்மா திரும்பிப் பாத்துச்சு. கொழாய மூடிட்டு, கொடத்தத் தூக்கி இடுப்புல வச்சுச்சு.

இவரு இன்னும் சத்தமாக் கேட்டாரு.

"எதுக்கு சார் அங்கருந்து கத்துறீங்க?" அந்தம்மா சொல்லுச்சு. "கேக்குறத உள்ள வந்து கேளுங்க."

பூமிநாதன் குனிஞ்சு பாத்தாரு.

அவரு காலு ரெண்டும் ரோட்டுலயேதான் நின்னுக்கிட்டு இருந்துச்சு.