முதல் தடவைக்கு ஒரு கிலோ மைசூர்பாகு

கள்ளிமேட்டு ஓடுதளத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் எதை முதல் தடவை செய்தாலும் ஒரு கிலோ இனிப்பு வாங்க வேண்டும். விமானத்திலிருந்து முதல் குதிப்பா, ஒரு கிலோ. முதல் தடவை தனியாகக் குதித்தீர்களா, இன்னொரு கிலோ. பாராசூட் சிக்கிக்கொண்டு, அதைக் கழற்றி விட்டுவிட்டு, மாற்றுப் பாராசூட்டில் உயிரோடு வந்து சேர்ந்தீர்களா, அன்றைக்கு இரண்டு கிலோ. விமானக் கொட்டகை வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதைத் தட்டினால் எல்லாரும் கூடிவிடுவார்கள். சம்பந்தப்பட்டவர் என்ன முதல் தடவை என்று உரக்கச் சொல்ல வேண்டும். பெட்டி அப்புறம்தான் திறக்கும்.

அர்த்தநாரி மூன்று வருஷத்தில் பதினோரு கிலோ வாங்கியவர். திருச்செங்கோட்டில் இரண்டு போர்வெல் வண்டிகளுக்குச் சொந்தக்காரர். "இருபத்தஞ்சு வருஷமாப் பூமிக்குள்ள ஆயிரம் அடி ஓட்டை போட்டாச்சுங்க. மேல என்னதான் இருக்குதுன்னு ஒருக்காப் பாக்கோணும்" என்று நாற்பத்தைந்து வயதில் வந்து சேர்ந்தார். வேறு யாராவதாக இருந்தால் அந்த வயதில் பழனிக்கு நடந்திருப்பார்கள்.

அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் ஜெசிந்தா, தூத்துக்குடிக்காரர். அர்த்தநாரியைவிடப் பதினான்கு வயது இளையவர். மூவாயிரம் தடவைக்கு மேல் குதித்தவர். கேட்ட கேள்விக்கு ஒரு வரிக்கு மேல் பதில் சொன்னால் அன்றைக்கு மழைதான் வரும்.

இருநூறாவது குதிப்பு முடிந்த அன்று, வேர்வை காய்வதற்குள் அர்த்தநாரி அவர் முன்னால் போய் நின்றார். இருநூறு முடித்தவர்களுக்குத்தான் விங்சூட். அதாவது கைக்கும் இடுப்புக்கும் நடுவிலும், இரண்டு கால்களுக்கு நடுவிலும் துணிச் சிறகு வைத்துத் தைத்த உடை. அதைப் போட்டுக்கொண்டு குதித்தால் கல்லாக விழ வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் பறக்கலாம்.

"மேடம், நான் தயாருங்களா?"

"தெரியலியே."

"எப்பங்க தெரியும்?"

"ஒரு கிலோ ஸ்வீட் வாங்கி வச்சுக்கிடுங்க. தெரியுத அன்னைக்கு நானே பெட்டியைத் திறக்கேன்."

பறந்து இறங்கியதும் திறப்பார் என்று அர்த்தநாரி எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

அடுத்த சனிக்கிழமை ஒரு கையில் மைசூர்பாகுப் பெட்டி, இன்னொரு கையில் ஒரு பெரிய பை. பையில் பெங்களூரில் யாரோ விற்ற விங்சூட். கருநீலம், பளபளப்பு. ஜெசிந்தா அதைத் தரையில் விரித்துப் போட்டுச் சுற்றி வந்து பார்த்தார்.

"இது யாருக்கு?"

"எனக்குத்தானுங்க. இப்பப் பெருசா இருந்தாலும் பழகப் பழகச் சரியாயிருமுங்க."

"வளர்ற பிள்ளைக்குச் சட்டை எடுத்தாப்ல எடுத்திருக்கீங்க."

அர்த்தநாரி தலையைச் சொறிந்தார்.

"துணி ஜாஸ்தி. நல்லாப் பறக்கும். ஆனா சுத்த ஆரம்பிச்சா நிக்காது. பாராசூட்டை இழுக்கக் கை போயிச் சேரவும் சேராது." சொல்லிக்கொண்டே அதை மடித்து அவரிடமே கொடுத்துவிட்டு, உள்ளேயிருந்து ஒரு சின்ன மஞ்சள் உடையைக் கொண்டுவந்தார். வெயிலில் வெளுத்து, முழங்காலில் ஒட்டுப் போட்டது. "இதைப் போடுங்க. பாராசூட்டும் பழைய பெருசையே மாட்டிக்கிடுங்க."

"மேடம், அது மாட்டு வண்டிங்க!"

"மாட்டு வண்டியில வீட்டுக்குப் போய்ச் சேந்திரலாம்லா."

ஒரு மாதம் ஓடியது. பறக்கிற பேச்சே இல்லை. மேசை மேல் குப்புறப் படுக்க வைத்து, சிறகை மடக்கு, பின்னால் கையைக் கொண்டு போ, பாராசூட்டை இழு, சிறகு ஜிப்பைத் திற என்று நாளைக்கு நூறு தடவை. அர்த்தநாரிக்குத் தோள்பட்டை விட்டுப் போயிற்று. தூக்கத்தில்கூடக் கை பின்னால் போவதாக மனைவி சம்பூர்ணம் சொன்னாள்.

அதைவிட அதிக நேரம் உடை மாட்டுவதிலேயே போனது. பாராசூட் இருக்கும் முதுகுப் பையைத் தாங்குகிற பட்டைகள் தோளில் இரண்டு, நெஞ்சில் ஒன்று, தொடைக்கு ஒன்றாக இரண்டு. தொடைப் பட்டைகளைப் பூட்டிய பிறகு அதற்கு மேல் விங்சூட்டின் கால் பகுதியை இழுத்து ஜிப் போட வேண்டும். போட்டுவிட்டால் பட்டை கண்ணுக்குத் தெரியாது. பூட்டாவிட்டாலும் தெரியாது. உடை எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் போட்ட மாதிரியே இருக்கும். பாராசூட் விரியும்போதுதான் தெரியும். பை மேலே நிற்கும், ஆள் கீழே போய்விடுவான்.

"சந்தேகம் வந்தா மேல விமானத்துல வச்சு ஜிப்பைத் திறந்து பாத்துக்கலாமுங்களா?" என்று ஒருநாள் கேட்டார்.

"கூடாது. அந்த இடுக்குல, அவசரத்துல ஒண்ணைச் சரி பண்ணப் போயி ரெண்டைக் கெடுத்திருவீங்க."

"அப்ப என்னங்க பண்றது?"

"நீங்கதான் சொல்லணும்" என்றார் ஜெசிந்தா. டீ குடிக்கப் போய்விட்டார்.

மைசூர்பாகுப் பெட்டி மட்டும் வாராவாரம் வந்தது, வாராவாரம் திறக்காமலே திரும்பியது. போர்வெல் வண்டி ஆட்களுக்குக் கொண்டாட்டம். சனிக்கிழமை சாயங்காலம் எந்தப் பாறையானாலும் அப்படியே விட்டுவிட்டு இனிப்புக்கு வந்து நின்றார்கள்.

சம்பூர்ணம் மட்டும் ஒரு துண்டுகூடத் தொட்டதில்லை. இந்தப் பெட்டி என்றில்லை, மூன்று வருஷத்தில் எந்தப் பெட்டியையும். "நீங்க செத்துப் பொழச்சு வருவீங்க, அதுக்கு நான் இனிப்புத் திங்கோணுமா?" என்பாள். குதிப்பதுகூட அவளுக்குப் பெரிதில்லை. "இவருக்கு நிறுத்தத் தெரியாதுங்க மேடம்" என்று ஜெசிந்தாவிடம் போனில் அழுதிருக்கிறாள். "எண்ணூறு அடியில தண்ணி இல்லீன்னா நிறுத்தற ஆளா இவரு? ஆயிரத்தி இருநூறு வரைக்கும் போயி, துளை போடற பிட்டையும் பறிகொடுத்துட்டுத்தான் வருவாரு."

கடைசியில் புருஷன் பெண்டாட்டிக்குள் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. விங்சூட் போட்டு ஒரே ஒரு தடவை மேலே போகலாம். அவளும் வந்து பார்ப்பாள். அன்றோடு இந்த விளையாட்டுக்குப் பெரிய கும்பிடு. அர்த்தநாரி பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. காற்று சாதுவாக இருந்தது. "இன்னைக்குப் போவோம், நானும் கூட வாரேன்" என்றார் ஜெசிந்தா. அர்த்தநாரி ஆசையோடு பெட்டியைப் பார்த்தார். "அது இருக்கட்டும்" என்றார் ஜெசிந்தா.

அர்த்தநாரி தொடைப் பட்டையைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. போர்வெல் வண்டி ஆள்தான். "அண்ணா, நானூத்தி இருபது அடியில பிட்டு மாட்டிக்கிச்சுங்ணா!" அவர் தோளில் போனை இடுக்கிக்கொண்டு, காற்றை ஏற்று, ராடைத் திருப்பு என்று ஐந்து நிமிஷம் வைத்தியம் சொன்னார். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. பேசி முடித்தபோது ஜிப் கழுத்துவரை ஏறியிருந்தது. விமானம் உறுமிக்கொண்டிருந்தது. சம்பூர்ணம் தூரத்தில் வேப்ப மரத்தடியில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

சின்ன விமானம். ஓட்டுகிற ஷாகுல் பாய்க்குப் பின்னால் இவர்கள் இரண்டு பேர் மட்டும், முழங்காலை மடக்கிக்கொண்டு. எட்டாயிரம் அடியில் அர்த்தநாரிக்கு ஊர் ஏரி ஒரு சில்லறைக் காசு அளவுக்குத் தெரிந்தது. சந்தோஷமாக அதையே எட்டிப் பார்த்தார். அப்போதுதான் அந்த எண்ணம் வந்து உட்கார்ந்தது.

இடது தொடைப் பட்டையைப் பூட்டியது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் போன். அப்புறம் ஜிப். நடுவில் வலது?

தொடையைத் தடவிப் பார்த்தார். துணிக்கு மேல் துணி, ஒன்றும் புரியவில்லை. பூட்டிய மாதிரியும் இருந்தது. அது நேற்றைய ஞாபகமா, இன்றையதா? இழவெடுத்த போன்.

"மேடம்." என்ஜின் சத்தத்தில் கத்த வேண்டியிருந்தது. "என்ற காலுப் பட்டையைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"ரெண்டும் இருந்துச்சுங்களா?"

"நீங்க பாத்தீங்களா?"

அர்த்தநாரி மறுபடியும் தொடையைத் தடவினார். மேடம் பார்த்திருக்கிறார். இல்லாவிட்டால் ஏற்றியிருப்பாரா? நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது இருக்கும். ஆனால் மேடத்துக்கும் கண் தப்பாது என்று என்ன நிச்சயம்? கீழே சம்பூர்ணம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள். இன்றைக்கு விட்டால் அவ்வளவுதான், சத்தியம் செய்தாயிற்று. மூன்று வருஷம், இருநூறு குதிப்பு, ஒரு மாதம் மேசையில் குப்புறப் படுத்தது, எல்லாம் இந்த ஒரு தடவைக்காகத்தான்.

பத்தாயிரம் அடி. ஷாகுல் பாய் கட்டைவிரலைக் காட்டினார். ஜெசிந்தா கதவைத் திறந்தார். காற்று முகத்தில் அறைந்தது. மேகம் காலடியில் வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தது. எட்டிப் பாய வேண்டியதுதான் பாக்கி.

"வரலீங்க" என்றார் அர்த்தநாரி.

ஜெசிந்தா அவர் முகத்தைப் பார்த்தார்.

"பூட்டுன ஞாபகம் இல்லீங்க. நான் எறங்கிக்கறேன்."

ஜெசிந்தா கதவை இழுத்துச் சாத்தினார்.

"நீங்க குதிச்சிருக்கலாமுங்களே."

"கூட வாரேன்னு சொன்னேன்லா."

ஷாகுல் பாய் திரும்பிப் பார்த்தார். "அட, துணைக்கு ஆள் இருக்கா! பதினாறு வருஷமா மேல ஏத்திட்டுப் போயி ஒத்தையாத்தான் வண்டியை இறக்குறேன். ஆனா மெதுவாத்தான் போகணும். சர்ருன்னு இறக்கினா உங்க முதுகுல இருக்கிற கருவி, ஆள் விழறான்னு நினைச்சு இங்கேயே பாராசூட்டை விரிச்சிடும்."

அந்த மெதுவான இறக்கம் இருக்கிறதே, அதுதான் கொடுமை. அர்த்தநாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியது. ஏறும்போது அழகாக இருந்த ஏரி, இறங்கும்போது வெறும் ஏரியாக இருந்தது.

சக்கரம் தரையைத் தொட்டதுமே சம்பூர்ணம் ஓடி வந்துவிட்டாள். ஒரு செருப்பு மரத்தடியிலேயே கிடந்தது.

"வானத்தையே பாத்துட்டு நிக்கறேன், ஒரு பாராசூட்டையும் காணம்! உசுரே போயிருச்சுங்க! என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல சம்பு. ஒரு சந்தேகம்."

கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லார் கண் முன்னாலும் அர்த்தநாரி ஜிப்பை இறக்கினார். இடது பட்டை கச்சிதமாக இருந்தது. வலது பட்டை அதைவிடக் கச்சிதம். பின்னால் நின்ற யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மானம் போயிற்று என்று அர்த்தநாரிக்குக் காது சூடேறியது.

சம்பூர்ணம் குனிந்து இரண்டு பட்டையையும் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான இருக்குது?"

"ஆமா."

"மேடம் எறங்கச் சொன்னாங்களா?"

"இல்ல."

"பாய் சொன்னாரா?"

"யாரும் சொல்லல சம்பு. பூட்டுன ஞாபகம் வரல. அதான்."

"ஏனுங்க," என்றாள் அவள், குரல் இறங்கிப் போய், "நீங்களாவா நிறுத்துனீங்க?"

அவர் தலையை ஆட்டினார்.

அப்போது தண்டவாளத் துண்டு டங் டங் என்று அடித்தது. தட்டியது ஜெசிந்தா. ஓர் ஓரமாக இருந்த மைசூர்பாகுப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"சொல்லுங்க" என்றார் அர்த்தநாரியிடம்.

"என்னங்க சொல்றது?"

"என்ன முதல் தடவைன்னு."

அர்த்தநாரி சுற்றிலும் பார்த்தார். விளையாடுகிறாரா என்று ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்தார். அதில் விளையாட்டு இல்லை.

"முதல் தடவையா..." செருமிக்கொண்டார். "முதல் தடவையா விமானத்துலயே எறங்குனேனுங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஜெசிந்தா கயிற்றை அறுத்துப் பெட்டியைத் திறந்தார். ஷாகுல் பாய் முதல் ஆளாகக் கையை நீட்டினார். இன்னொரு கை கூட்டத்துக்குள்ளிருந்து வளையலோடு வந்து ஒரு துண்டை எடுத்தது. சம்பூர்ணம் அதைப் பாதியாகக் கடித்து, மென்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதியையும் வாயில் போட்டாள்.

அர்த்தநாரி கையில் மைசூர்பாகு அப்படியே இருந்தது.

"மேடம், நான் இன்னும் பறக்கவே இல்லீங்களே. பெட்டியைத் திறந்துட்டீங்களே?"

"ஆமா."

அவர் ஜெசிந்தாவைப் பார்த்தார். பிறகு சம்பூர்ணத்தைப் பார்த்தார். சத்தியத்தை ஞாபகப்படுத்தத்தான் அவள் வாயைத் துடைக்கிறாள் என்று நினைத்தார். அவளோ ஜெசிந்தா பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு எத்தன மணிக்கு மேடம் நாங்க வரோணும்?"

"ஆறு மணிக்கு வந்திருங்க" என்றார் ஜெசிந்தா. "ஸ்வீட் வேண்டாம்."