பதினைந்தாம் வளையம்

ஒரு காட்டில், ஓடை வளைந்து திரும்பும் இடத்தில், கூரன் என்ற முள்ளம்பன்றி கடைசல் பட்டறை வைத்திருந்தான். ஓடைத் தண்ணீர் ஒரு சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் கடைசல் இயந்திரத்தைச் சுற்றும். அதில் மாட்டிய மரத்தின்மேல் உளியை வைத்தால் சீவல் சுருள் சுருளாகப் பறக்கும். மதகுப் பலகையைத் தூக்கினால் வேகம் கூடும், இறக்கினால் குறையும்.

கூரன் எதையும் மூன்று முறை அளப்பவன். அவனோடு கூட்டாகத் தொழில் செய்த துள்ளி என்ற குரங்கோ, எதையும் ஒரு முறைகூட முழுதாக அளக்காதவள். இவர்கள் இருவரும் ஒரே பட்டறையில் எப்படிக் காலம் தள்ளினார்கள் என்று கேட்கிறீர்களா, குழந்தைகளே? கூரனும் தன்னையே தினமும் அப்படித்தான் கேட்டுக்கொண்டான்.

ஒருநாள் யானைக் கூட்டத்தின் தலைவி மாதங்கி பட்டறைக்கு வந்தாள்.

"எங்கள் வேங்கை மரத்தில் இடி விழுந்துவிட்டது. என் மகள் அந்த நிழலில்தான் பிறந்தாள். வருகிற பௌர்ணமியன்று காலையில் அவளுக்குப் பெயர் வைக்கிறோம். காடே வரும். அந்த மரத்திலேயே என் முட்டி உயரத்துக்கு ஒரு பூச்சாடி செய்து தருவீர்களா?"

"மரம் சில்லு சில்லாக அல்லவா கிடக்கிறது? குடைவதற்குப் பெரிய கட்டை ஏது?" என்றாள் துள்ளி.

"குடைய வேண்டாம். துண்டுகளை ஒட்டிச் செய்யலாம்," என்றான் கூரன். "ஆனால் அம்மா, இந்த மரம் வீணானால் வேறு மரம் இல்லை."

"அதனால்தான் உன்னிடம் வந்தேன்," என்று சொல்லிவிட்டு மாதங்கி போனாள்.

வேலை தொடங்கியது. இருபத்துநான்கு துண்டுகளின் இரு முனைகளையும் கொஞ்சம் சாய்வாக அறுத்து, வட்டமாகச் சேர்த்துப் பிசினால் ஒட்டினால் ஒரு வளையம். அப்படி முப்பது வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டினால் ஜாடியின் உருவம் வந்துவிடும். பிறகு அதைக் கடைந்து வழவழப்பாக்க வேண்டும்.

துள்ளி அறுத்தாள். கூரன் அடுக்கிப் பார்த்தான். கடைசித் துண்டுக்கும் முதல் துண்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவுக்குச் சந்து!

"துள்ளி! இது என்ன?"

"ஒவ்வொரு துண்டிலும் ஒரு மயிரிழைதான் தவறியிருக்கும் அண்ணே. அதற்குப்போய்க் கத்துகிறீர்களே!"

"ஒரு துண்டில் மயிரிழை. இருபத்துநான்கு மயிரிழையும் சேர்ந்து எங்கே போகும்? இதோ, இந்தச் சந்துக்குத்தான் வரும்!"

"பசையைக் கொஞ்சம் கூடுதலாக வைத்தால் போயிற்று."

கூரனின் முட்கள் எல்லாம் குத்திட்டு நின்றன. அரத்தை எடுத்து இருபத்துநான்கு துண்டுகளையும் ராவித் திருத்தினான். அன்றைக்கு ஆரம்பித்த ராவல், இரண்டாம் வளையம், மூன்றாம் வளையம் என்று ஓயவே இல்லை. அவன் சொல்லுவான், அவள் "சரி அண்ணே" என்பாள், மறுபடியும் அதே சந்து விழும். ஒட்டி முடித்த ஒவ்வொரு வளையத்தையும் அவன் கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டிப் பார்ப்பான். கணீரென்று ஒலித்தால்தான் அடுக்குவதற்கு ஒதுக்கி வைப்பான்.

பௌர்ணமிக்கு நான்கு நாள் இருந்தது. ஒரே ஒரு வளையம் பாக்கி. அது அடியிலிருந்து பதினைந்தாவது, ஜாடியின் வயிற்றுப் பகுதியில் வரும் மிகப் பெரிய வளையம் என்பதால் கடைசிக்கு வைத்திருந்தார்கள். அதிலும் சந்து.

"துள்ளி, கையெடுத்துக் கும்பிடுகிறேன். இந்த ஒன்றையாவது நீயே திருத்து. நான் மேட்டுப் பாறையில் உளிக்குச் சாணை பிடித்துக்கொண்டு வருகிறேன்."

அவன் தலை மறைந்ததும் துள்ளி அரத்தைப் பார்த்தாள். இருபத்துநான்கு துண்டுகளையும் பார்த்தாள். கொட்டாவி விட்டாள். பிறகு துண்டுகளை அப்படியே ஒட்டி, மரத்தூளையும் பிசினையும் குழைத்துச் சந்தில் திணித்து, மேலே விரலால் வழித்துவிட்டாள். சந்து இருந்த இடமே தெரியவில்லை.

கூரன் திரும்பி வந்தான். "திருத்தினாயா?"

"திருத்திவிட்டேன் அண்ணே. நீங்களே பாருங்கள்."

பார்த்தான். மற்ற இருபத்தொன்பதையும்விட அழகாக இருந்தது. தட்டிப் பார்க்கக் கை நீட்டினான். தட்டினால் ஒருவேளை குறை தெரியும். தெரிந்தால் மறுபடியும் சண்டை போட வேண்டும். இத்தனை நாள் கத்திக் கத்தித் தொண்டை வறண்டு போயிருந்தது அவனுக்கு. நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, "அப்பாடா! ஒரு வேலையாவது உருப்படியாகச் செய்தாயே," என்றான்.

எல்லா வளையங்களையும் அடுக்கி ஒட்டி, இரண்டு நாள் காயவிட்டார்கள். பௌர்ணமிக்கு முந்தின நாள் ஜாடியின் அடிப்பாகத்தை இயந்திரத்தில் இறுக்கிப் பூட்டினார்கள். கூரன் மதகுப் பலகையைக் கொஞ்சம் தூக்கினான். ஜாடி மெல்லச் சுற்றியது. வெளிப்புறக் கரடுமுரடெல்லாம் உதிர்ந்து, வேங்கையின் மஞ்சளும் செம்பழுப்பும் வரிவரியாகத் தெரிந்தன.

"இனி வழவழப்பு வர வேண்டும். பலகையை முழுவதும் தூக்கு துள்ளி," என்றான் கூரன்.

துள்ளி அசையவில்லை. "அண்ணே... இப்படியே மெதுவாகக் கடையலாமே?"

"என்னது? பத்து நாளாய்ச் சீக்கிரம், சீக்கிரம் என்று என் உயிரை வாங்கினவள் நீ. இன்றைக்கு மெதுவாகவா?"

"இல்லை, வேகம் கூடினால்..."

"கூடினால் என்ன?"

சொல்லிவிடலாம் என்று துள்ளி வாயைத் திறந்தாள். சொன்னால் திட்டுவானே என்று மூடிக்கொண்டாள். கூரன் பல்லைக் கடித்தபடி தானே போய்ப் பலகையை முழுவதும் தூக்கினான்.

சக்கரம் சீறியது. ஜாடி விர்ரென்று சுழன்றது.

"அண்ணே, குனியுங்கள்!" என்று துள்ளி அலறினாள்.

படார்! பதினைந்தாம் வளையம் வெடித்தது. அதற்கு மேலிருந்த பாதி ஜாடி கூரையில் மோதி நொறுங்கி, நாலாபக்கமும் சிதறியது. குனிந்ததால் கூரனின் தலை தப்பியது. ஆனால் அவன் முதுகு முட்களில் வேங்கைத் துண்டுகள் வரிசையாகக் குத்திக்கொண்டு நின்றன.

சத்தம் கேட்டு மாதங்கி ஓடி வந்தாள். மிச்சமிருந்த அடிப்பாதியைப் பார்த்தாள். தரையில் கிடந்த சிராய்களைத் துதிக்கையால் தடவிப் பார்த்தாள். அந்த மரத்தின் வாசனை இன்னும் அதில் இருந்தது.

"யார் செய்தது?" என்று மெல்லக் கேட்டாள். அதட்டியிருந்தால்கூடத் துள்ளிக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

"நான்தான் அம்மா. சந்தைத் திருத்தாமல் தூளை அடைத்து மறைத்தேன்," என்று துள்ளி அழுதாள்.

"நானும் தட்டிப் பார்க்காமல் விட்டேன்," என்றான் கூரன்.

"நாளைக்குக் காடே வருகிறது. இந்த அடிப்பாதியில்தான் பூ வைக்கப் போகிறேன். மேல்பாதி எங்கே என்று யார் கேட்டாலும், துள்ளி, நீயே பதில் சொல்."

மறுநாள் குட்டி யானைக்கு வேங்கைமலர் என்று பெயர் வைத்தார்கள். வந்தவர்கள் ஒருவர் விடாமல் கேட்டார்கள்.

"பூச்சாடி கேட்டால் தொட்டி செய்திருக்கிறார்களே!" என்றது கரடி.

"மேல்பாதியை யார் தின்றது?" என்றது புள்ளிமான்.

துள்ளி ஒவ்வொருவரிடமும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, அறுத்தது, அடைத்தது, மறைத்தது, வெடித்தது என்று எல்லாவற்றையும் சொன்னாள். வெயில் சாய்வதற்குள் நாற்பத்தொரு முறை சொல்லியாயிற்று. கூட்டம் கலைந்தது. அப்பாடா என்று அவள் உட்காரப் போனபோது, முந்தின நாள் காலையிலேயே புறப்பட்ட நத்தை அப்போதுதான் வந்து சேர்ந்தது.

நத்தை ஜாடியை இந்தப் பக்கம் பார்த்தது. மெல்ல நகர்ந்து அந்தப் பக்கமும் பார்த்தது. பிறகு சாவகாசமாகக் கேட்டது:

"ஏனம்மா, இது ஏன் பாதியாக இருக்கிறது? எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. எதையும் விட்டுவிடாமல் முதலிலிருந்து சொல்."

நீதி: குறையைத் திருத்தாமல் பூசி மறைத்தால், அது ஒருநாள் ஊரறிய உடையும்.